டீ ஊறிய நேரம்

ஒரு டீக்குப் போய் யாராவது இவ்வளவு கோபப்படுவார்களா என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடலாம். உங்கள் வீட்டில் யாரோ ஒருத்தி அடுப்படியில் நின்று போட்டுக்கொண்டிருக்கிறாள், நீங்கள் உட்கார்ந்த இடத்தில் வாங்கிக் குடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அதனால்தான் அப்படிக் கேட்கத் தோன்றுகிறது. அக்கா கோபப்பட்டாள். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை பற்றி எரிகிற கோபம். அது நியாயமான கோபம் என்பதுதான் இதைச் சொல்ல வந்தவரின் கட்சி.

அக்கா என்றால் ஊருக்கே அக்கா. கூடப் பிறந்த தம்பிக்கும் தங்கைக்கும் அக்கா. தம்பி மனைவிக்கும் அக்கா. வேலை பார்க்கிற இடத்தில் அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அக்கா. பெற்ற தாயே சில சமயம் மறந்துபோய் "அக்கா எங்க?" என்று கேட்பாள். கல்யாணம் ஆகாமல் தாயோடு இருக்கிறவள். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்றால், பேச்சு வந்த காலத்தில் அவளுக்கு நேரம் வரவில்லை, நேரம் வந்தபோது பேச்சு வரவில்லை. அவ்வளவுதான்.

வேலை, பார்சல் பிரிப்பது. தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. நடுவில் பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் மேல் வருகிற பெட்டிகளின் முகவரியைப் பார்த்து, எந்தத் தெருவுக்கு எந்தக் கம்பிக் கூண்டோ அதில் போட வேண்டும். வருடக் கடைசி விடுமுறை நெருங்கினால் ஊரில் உள்ள அத்தனை பேரும் ஒருவருக்கொருவர் எதையாவது அனுப்பித் தொலைப்பார்கள். பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருக்கும். இடுப்பு விட்டுப்போகும். விரல் நுனியெல்லாம் அட்டை கிழித்த கோடுகள். அப்படி ஒரு நாள், சாப்பாட்டு இடைவேளையில், பார்சல் வண்டி ஓட்டுகிறவர் தன் கைபேசியில் ஒரு வீடியோவை ஓடவிட்டு அவளிடம் நீட்டினார்.

"அக்கா, இது உங்க தம்பிதானே? எங்க வீட்ல அனுப்பிவிட்டா. டீக்கடை தொறக்கப் போறாராமே?"

தம்பிதான். முன்வழுக்கையை ஒரு பக்கத்து முடியால் மூடிக்கொண்டு, இடுப்பில் புத்தம்புது ஏப்ரன் கட்டிக்கொண்டு, ஊருக்கே உபதேசம் செய்துகொண்டிருந்தான்.

"இது எங்க அம்மாவோட டீ. லீவுக்கு வீட்டுக்குப் போனா அம்மா போட்டுத் தருவாங்க. இஞ்சி, ஏலக்காய், பட்டை, கிராம்பு, கொஞ்சம் மிளகு. இதெல்லாம் யார் வேணா போடலாம். ரகசியம் அதுல இல்ல. பால் பொங்கி வர்ற நேரத்துல அம்மா டப்புன்னு அடுப்பை அணைச்சிடுவாங்க. தட்டு போட்டு மூடிடுவாங்க. கேட்டா, 'ஊறட்டும்டா'ம்பாங்க. அப்புறம் திரும்பப் பத்தவச்சு ஒரே ஒரு கொதி. எவ்ளோ நேரம் ஊறணும்னு கேக்காதீங்க. ஒரு நாள் கொஞ்ச நேரம்தான். ஒரு நாள் ரொம்ப நேரம். பாலோட தன்மையைப் பாத்து அம்மா கையே சொல்லும். அந்தக் கணக்கு மட்டும் எனக்கு இன்னிக்கு வரைக்கும் பிடிபடல."

குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் அக்காவுக்குப் புரையேறியது.

"உங்கம்மாவுக்கு அப்படி ஒரு கைப்பக்குவமா?" என்றார் வண்டிக்காரர்.

"எங்கம்மாவுக்கு டீயே பிடிக்காது அண்ணே. அவங்க குடிக்கிறது வெந்நீர்."

"பின்ன யார் போட்டது?"

அதற்குள் இடைவேளை முடிந்து பெல்ட் ஓட ஆரம்பித்துவிட்டது. அன்று மத்தியானம் முழுக்க வடக்குத் தெருப் பெட்டிகளைத் தெற்குக் கூண்டில் போட்டுக்கொண்டிருந்தாள். மேற்பார்வையாளர் வந்து, "என்னக்கா, ஊரையே திருப்பிப் போடறீங்க?" என்றார். அவள் முறைத்த முறைப்பில் அவர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

நடந்தது என்ன என்பதைச் சொல்லிவிடுவோம். சொல்ல வேண்டியவர்கள் யாரும் சொல்லவில்லை.

அப்பா அச்சகத்தில் வேலை பார்த்தவர். ஒரு நாள் காலையில் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. பின்னறைக் கட்டிலில் வருடக்கணக்கில் கிடந்தார். தம்பிக்கு வெளியூரில் வேலை கிடைத்தது, போனான். தங்கைக்கு வரன் அமைந்தது, போனாள். போக ஓர் இடம் இருந்தவர்கள் எல்லாம் போனார்கள். அம்மா? அம்மா அந்த அறைக்குள் போக மாட்டாள். கதவு வரை வருவாள், "என்ன வேணும்னு கேளு" என்பாள், திரும்பிப் போய்விடுவாள். ஏன் என்று அக்கா கேட்டதில்லை. கேட்டுக்கொண்டு நிற்க அவளுக்கு எங்கே நேரம்? காலையில் கொட்டகை, மாலையில் கட்டில்.

பேச முடியாத அப்பா இடது கையில் ஒரு ஸ்பூனை வைத்துக்கொண்டு கட்டில் கம்பியில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் தண்ணீர். விடாமல் தட்டினால் துணி மாற்ற வேண்டும். அவர்கள் இரண்டு பேருக்கும் இருந்த பாஷை அவ்வளவுதான். அதில் அவர்களுக்குள் சண்டைகூட நடக்கும். கஞ்சி பிடிக்கவில்லை என்றால் அவர் தட்டுகிற விதமே வேறு.

முதல் வருட விடுமுறைக்கு எல்லோரும் வந்தார்கள். அக்கா விடியற்காலையில் எழுந்து வீடு முழுக்கப் பினாயில் ஊற்றிக் கழுவியிருந்தாள். எவ்வளவு கழுவினாலும், நோயாளி கிடக்கிற வீட்டில் ஒரு வாடை இருக்கும். தங்கை உள்ளே வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தாள். பின்னறைக் கதவு திறந்திருந்தது. அப்பா பார்த்தார். பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா நேராக அடுப்படிக்குப் போனாள். அஞ்சறைப் பெட்டியில் மணக்கிறது எதுவோ அதையெல்லாம் எடுத்தாள். ஏலக்காய், பட்டை, கிராம்பு, மிளகு. இஞ்சியைத் தோலோடு நசுக்கினாள். எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டாள், வீடு முழுக்க அந்த வாசனை ஏறட்டும் என்று. அந்தக் கைக்குட்டை இன்னொரு முறை வெளியே வரக் கூடாது, வந்தாலும் அப்பா கண்ணில் படக் கூடாது. அதற்காகக் கொதித்த தண்ணீர் அது. கொதித்ததை வீணாக்குவானேன் என்று தேயிலையும் பாலும் சர்க்கரையும் சேர்த்தாள். அப்படிப் பிறந்ததுதான் இவர்களுடைய பரம்பரை டீ.

நன்றாக இருந்தது. கேட்டு வாங்கிக் குடித்தார்கள். அதற்குப் பிறகு விடுமுறைக்கு விடுமுறை அதே டீ. ஆனால் ஒரு சிக்கல். பால் ஊற்றிப் பொங்கி வருகிற நேரத்தில் வாசனை பின்னறைக்குப் போய்விடும். அப்பா விழித்துக்கொள்வார். ஸ்பூன் தட்டும். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, பாத்திரத்தை மூடிவிட்டு ஓடுவாள். ஒரு தட்டு என்றால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவாள். விடாத தட்டு என்றால் ரொம்ப நேரம் ஆகும். துடைத்து, புரட்டி, விரிப்பை உருவி, புது விரிப்பைப் போட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து அடுப்பை மறுபடி பற்றவைப்பாள். கூடத்தில் சிரிப்பும் சீட்டாட்டமுமாக இருக்கும். டம்ளர்களில் ஊற்றி வைத்ததும் தட்டை அம்மா எடுத்துக்கொண்டு போவாள். "சூடா இருக்கும்போதே குடிங்க" என்பாள். கூடத்தில் இருந்தவர்கள் பார்த்தது அந்தத் தட்டையும் அம்மாவையும்தான்.

ஒரு நாள் தம்பி தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்தான். அடுப்பு அணைந்திருந்தது. பக்கத்தில் அம்மா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். "ஏம்மா அணைச்சு வச்சிருக்கே?" என்று கேட்டான். அம்மா, "ஊறட்டும்டா" என்றாள். அதைப் பின்னறையில் துணி பிழிந்துகொண்டிருந்த அக்காவும் கேட்டாள். அப்போது அதற்குக் கோபப்படக்கூட அவளுக்குக் கை ஒழியவில்லை.

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். முழங்கால் தேய்ந்துபோன அம்மா இப்போது அந்தப் பின்னறையில் படுக்கிறாள், யாராவது கை கொடுத்தால்தான் எழுந்திருக்க முடியும். அக்கா மட்டும் இன்றும் பால் பொங்கும்போது அடுப்பை அணைக்கிறாள். அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு கொஞ்சம் நிற்கிறாள். ஒன்றும் கேட்காது. திரும்பப் பற்றவைக்கிறாள். கை பழகிவிட்டது, என்ன செய்வது?

இதைத்தான் அந்தப் புத்திசாலி 'பாலோட தன்மை' என்கிறான்.

பெயர் அம்மாவுக்குப் போனதற்காக அக்கா கோபப்படவில்லை. அம்மா டீ என்றால் அம்மா டீயாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்த வீடியோவில் அப்பா என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. ஒரு மனுஷன் வருடக்கணக்கில் கம்பியைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டிருக்கிறார், அந்த நேரத்தைத் துடைத்துப் போட்டுவிட்டு அதற்குப் பக்குவம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கடை திறந்தால் நாள்தோறும் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் இந்தக் கதைதான் டீயோடு சேர்த்து விற்கப்படும். கொஞ்ச நாளில் அவளே வாய் திறந்து சொன்னாலும் எவரும் நம்ப மாட்டார்கள். சொன்னால் என்ன சொல்வார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். "ஒரு டீக்குப் போயாக்கா?" என்பார்கள். பெரிய அநியாயமாக இருந்தால் ஊரைக் கூட்டலாம். டம்ளர் அளவு அநியாயத்துக்கு யாரைக் கூப்பிடுவது? பேருந்தில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதையே மென்றுகொண்டு வந்தாள்.

விடுமுறைக்கு வந்தார்கள். தங்கை வந்தாள், இப்போதெல்லாம் கைக்குட்டை இல்லாமல். தம்பி கேமரா மாட்டுகிற மூன்று கால் நிறுத்தியும் விளக்குமாக வந்து இறங்கினான். கடையில் பெரிய திரை வைத்து ஓட்ட, அசல் அடுப்படியிலேயே டீ போடுவதைப் படம் பிடிக்கப் போகிறானாம். அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் மனைவி அடுப்படிக்குள் நுழைந்து, அடிப்பிடித்துக் கறுத்த பாத்திரத்தை ஒளித்து வைத்துவிட்டு, பளபளவென்று ஒரு புதுப் பாத்திரத்தை வைத்தாள். அம்மாவுக்குப் புதுப் புடவை கட்டி, அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். அம்மாவும் கொலு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நீ இங்க வந்து நில்லு. இல்ல, இன்னும் தள்ளி, ஃபிரேமுக்கு வெளிய," என்றான் தம்பி. "அம்மாவுக்குக் கை நடுங்குது, பாலைக் கொட்டிடுவாங்க. அதனால கை மட்டும் உன்னுது. மூஞ்சி அம்மாவுது. சேத்து வெட்டிக்கலாம்."

அக்கா தன் கைகளைப் பார்த்தாள்.

"உன் கையும் அம்மா கையும் ஒரே மாதிரிதான்க்கா இருக்கு. அம்மா வளையலை மட்டும் மாட்டிக்கோ, ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது."

தம்பி மனைவி அம்மாவின் கையிலிருந்து வளையலைக் கழற்றி நீட்டினாள். "சோப்புப் போட்டா ஏறிடும்க்கா," என்றாள், உதவி செய்கிற குரலில். அப்படிக் கேட்க அவர்களுக்கு நாக்கு எப்படிப் புரண்டதோ! ஆனால் அவர்கள் முகத்தில் கள்ளம் ஒன்றும் இல்லை. அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. கள்ளம் இருந்தால் கன்னத்தில் ஒன்று வைக்கலாம்.

அவள் வளையலை மாட்டிக்கொண்டாள். விளக்கு எரிந்தது. இஞ்சியை நசுக்கினாள். எல்லாவற்றையும் தட்டிப் போட்டாள். தேயிலை போட்டாள். பாலை ஊற்றினாள். மூன்று கால் நிறுத்திக்குப் பின்னால் தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். தங்கை கதவோரம் வந்து எட்டிப் பார்த்தாள். பால் மெல்ல ஏறி விளிம்புக்கு வந்தது.

"இப்ப அணை," என்றான் தம்பி.

அக்கா அணைக்கவில்லை.

"அக்கா, அணைக்கா!"

அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பால் பொங்கிப் புதுப் பாத்திரத்தின் மேல் வழிந்து, அடுப்பில் கொட்டி, தீயை அதுவே அணைத்தது. கருகின நாற்றம் கிளம்பியது. தம்பி ஓடிவந்து குமிழைத் திருகினான்.

"உனக்கு என்ன ஆச்சு? அணைன்னு கத்திட்டே இருக்கேன்!"

"எதுக்குடா அணைக்கணும்?"

"எதுக்குன்னா? ஊறணும்ல!"

"என்ன ஊறணும்? சொல்லு. என்ன ஊறிச்சு? அப்பாவோட விரிப்பு ஊறிச்சு. அவர் தட்டுவாரு, நான் ஓடுவேன். தண்ணி கேட்டா சீக்கிரம் வருவேன். மலம் போயிருந்தா லேட்டாகும். அதுதாண்டா உனக்குப் பிடிபடாத கணக்கு. பாலோட தன்மையாம்! போட்டுக்கோ, கடை போர்டுல இதையும் போட்டுக்கோ!"

தம்பி மனைவி மெதுவாக விளக்கை அணைத்தாள். தங்கைதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஒரு டீக்குப் போயாக்கா இவ்ளோ..."

"ஆமா, ஒரு டீக்குத்தான். நீ மூக்கைப் பொத்தினியே, அதை அப்பா பாத்தாரு. திரும்ப அவர் பாக்கக் கூடாதுன்னு போட்ட டீ அது. குடிச்சே இல்ல? ரெண்டாம் டம்ளர் வேற கேட்டே."

தங்கை கதவோரம் சாய்ந்துகொண்டாள்.

"எங்களுக்குத் தெரியாதேக்கா," என்றான் தம்பி. "நீ சொல்லவே இல்லையே."

"நான் சொல்லணுமா? தட்டற சத்தம் கேட்டுதா இல்லையா? இரும்புக் கம்பிடா அது. தெருமுனை வரைக்கும் கேக்கும்."

"ஏதோ பக்கத்து வீட்ல வேலை நடக்குதுன்னு..."

"ஒவ்வொரு லீவுக்குமா பக்கத்து வீட்ல வேலை நடக்கும்?"

அப்போது அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, யாரையும் பார்க்காமல், புதுப் புடவையின் முந்தானையைத் திருகிக்கொண்டே பேசினாள்.

"எனக்குக் கேக்கும்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவர் தட்டறது எனக்குத்தான் மொதல்ல கேக்கும். நீ போயிடுவேன்னு நின்னுட்டு இருப்பேன். நீ போனதும் இங்க வந்து அடுப்புக்கிட்ட நிப்பேன். யாராவது வந்தா ஏதாவது சொல்லணும்ல, ஊறட்டும்னேன்." அணைந்த அடுப்பைப் பார்த்தாள். "அவரை அப்படிப் பாக்க என்னால முடியலடி."

"என்னால மட்டும் முடிஞ்சுதாம்மா?"

உண்மை வெளியே வந்தால் மனசு ஆறிவிடும் என்பார்கள். சுத்தப் பொய். அக்காவுக்கு ஆறவில்லை. அடுப்படியில் அத்தனை நாளும் அம்மா தனக்குத் துணையாக நின்றாள் என்று மனசின் ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தாள். இப்போது அதுவும் போயிற்று. அழுகை வந்தது. அதை அவள் கோபமாகவே வைத்துக்கொண்டாள்.

தங்கை அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய்ப் பின்னறையில் படுக்கவைத்துவிட்டு, பால்கனிக்குப் போய் நின்றுகொண்டாள். தம்பி மனைவி மூன்று கால் நிறுத்தியை மடக்கினாள். அக்கா வளையலைக் கழற்றப் பார்த்தாள், வரவில்லை. குழாயடியில் சோப்புப் போட்டு இழுத்து, மணிக்கட்டுச் சிவக்கக் கழற்றி அடுப்பு மேடையில் வைத்தாள்.

"நான் வேணா அப்பாவைப் பத்தியும் வீடியோவுல சொல்லிடறேன்க்கா," என்றான் தம்பி, சின்னக் குரலில்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். டீ போடு."

"யாருக்கு?"

"எனக்கு. இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது எனக்குச் சூடா ஒரு டீ யாராவது குடுத்திருக்கீங்களா?"

அவள் கூடத்துக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்காரத் தெரியவில்லை. விளிம்பில் உட்கார்ந்தாள், பிறகு நன்றாகச் சாய்ந்துகொண்டாள். அடுப்படியில் தம்பி அடுப்பைத் துடைக்கிற சத்தம் கேட்டது. எதையோ கீழே போட்டான், எடுத்தான். கறுத்த பாத்திரத்தைத் தேடிக் கண்டுபிடித்து வைக்கிற சத்தம் கேட்டது. இஞ்சியை நசுக்குகிற சத்தம், பழகாத கையின் சத்தம். இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அடுப்படியில் நடப்பது எல்லாமே கேட்கும் என்பது அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. பின்னறைச் சத்தமும் கேட்கும். கட்டில் லேசாகக் கிறீச்சிட்டதுகூடக் கேட்டது. அப்படியானால் இங்கே உட்கார்ந்து சீட்டாடியவர்களுக்கும் கேட்டிருக்கிறது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் வாசனை எழுந்தது. பாலை ஊற்றிவிட்டான் போலிருக்கிறது.

"யாராவது வாங்களேன்," என்று பின்னறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பாத்ரூம் போகணும். அவசரம்."

அக்காவின் கால்கள் தாமாகவே எழுந்துவிட்டன. பாதி எழுந்தவள் நாற்காலிக் கையை இறுகப் பிடித்து மறுபடி உட்கார்ந்தாள். அம்மா இன்னொரு முறை கூப்பிட்டாள். இந்த முறை குரலில் அழுகை இருந்தது. கையில் கரண்டியோடு தம்பி அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, அம்மா கூப்பிடறாங்க."

"கேக்குது."

"பால் பொங்கப் போகுதுக்கா. நான் இங்க..."

"அடுப்பை அணைச்சிட்டுப் போடா."

தம்பி அவளைப் பார்த்தான். பிறகு உள்ளே போய் அடுப்பை அணைத்தான், பாத்திரத்தை மூடினான், பின்னறைக்குப் போனான். திரும்பி வர ரொம்ப நேரம் ஆயிற்று.